மீண்டும் கொண்டு வரவும்

"ரத்தம் எடுக்க ஊசி குத்துற இடத்தை அம்மாவே துடைச்சுக்கிட்டாங்களாம். நர்ஸ் எழுதி வெச்சிருக்காங்க. அங்கதான் சிக்கல், சார்" என்றாள் இளம் டாக்டர்.

கட்டிலில் இருந்த மனைவி, குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் இரண்டு கைகளையும் போர்வைக்கு மேலே எடுத்து வைத்தாள். பக்கத்து ஸ்டூலில் கணவர். கால்நடை ஆய்வகத்தில் முப்பத்தாறு வருஷம் கிருமி பார்த்தவர். ஓய்வு பெற்றபின் பார்க்கக் கிருமி கிடைக்காமல், வீட்டுத் தயிரை முறைத்துக்கொண்டிருப்பவர்.

போன வருஷம் மனைவியின் இதயத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். இப்போது பதினைந்து நாளாக விட்டு விட்டுக் காய்ச்சல். இரண்டு கைகளில் எடுத்த ரத்தத்திலும் ஒரே கிருமி வளர்ந்திருந்தது.

"கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டெஃபைலோகாக்கஸ்" என்று ரிப்போர்ட்டைப் படித்தாள் டாக்டர். "எல்லார் தோல்லயும் இருக்கிறதுதான். சரியா துடைக்கலைன்னா ஊசியோட சேர்ந்து பாட்டில்ல இறங்கிடும். நல்லா துடைச்சிட்டு மறுபடி எடுப்போம். மூணு நாள் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

"மூணு நாளா?" கணவர் எழுந்துவிட்டார். "தோல்ல இருக்கிற வரைக்கும் அது பரம சாது, டாக்டர். உள்ளே செயற்கையா ஒரு பொருள் கிடைச்சா போதும், பசை போட்டு ஒட்டிக்கிட்டு வீடே கட்டிடும். அதோட வேலையை மாட்டு மடியில நான் பார்க்காததா? இன்னைக்கே மருந்தை ஆரம்பிங்க."

"ஆரம்பிச்சா ஆறு வாரம், சார். கிட்னியைப் பதம் பார்க்கிற மருந்து. அம்மாவுக்கு கிட்னி ஏற்கெனவே சுமார். வெறும் தோல் அழுக்குக்காக அதைக் கொடுக்க முடியுமா? சுத்தமா எடுத்த ரத்தம்னு தெரிஞ்சா நான் யோசிக்கவே மாட்டேன்."

"சுத்தமாத்தான் துடைச்சேன், கண்ணு" என்றாள் மனைவி. "ஒரு தடவை இல்லை, மூணு தடவை. எதையும் மூணு தடவை துடைச்சுத்தான் பழக்கம். எல்லாம் இவர் கொடுத்த பட்டம்."

"என்ன பட்டம்?"

மனைவி தலையணையில் சற்று நிமிர்ந்தாள். காய்ச்சலைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொன்னதுபோல் முகம் தெளிந்தது.

"நாப்பத்தோரு வருஷம் முன்னாடி. எங்க மாட்டுக்குப் பால் குறைஞ்சுக்கிட்டே வந்தது. ஒரு குப்பியில பாலை எடுத்துக்கிட்டு இவரோட ஆய்வகத்துக்குப் போனேன். மாடிப்படி ஏறிப் போனா, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோட்டு மட்டும் நிக்குது. உள்ளே ஆள் இருக்காரான்னு உத்துப் பார்க்கணும், அவ்வளவு ஒல்லி. மூணு நாள் கழிச்சு வரச் சொன்னார். போனா கையில ஒரு சீட்டு. இந்தக் கிருமி பேரை எழுதி, 'மாதிரி சுத்தமில்லை. காம்பைத் துடைத்துவிட்டு மீண்டும் கொண்டு வரவும்.' துடைச்சுக் கொண்டு போனேன். அதே சீட்டு. பதினோரு தடவை!"

"பதினொண்ணா?"

"பன்னெண்டாவது தடவை நான் போகலை. இவர் தன்னோட அம்மாவைக் கூட்டிக்கிட்டு பொண்ணு கேட்க வந்துட்டார்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே ரிப்போர்ட்டைப் பார்த்தவள், சிரிப்பை நிறுத்தினாள்.

"நீங்களே சொல்லுங்க, சார். பதினோரு தடவை இதே கிருமியோட வந்தவங்க, தானே துடைச்சுக்கிட்டாங்கன்னா நான் எப்படி நம்பறது? உங்க மேஜைக்கு வந்திருந்தா நீங்க என்ன எழுதியிருப்பீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒன்றுமில்லை. இருந்தாலும் நன்றாகப் பார்த்தார்.

"அந்தச் சீட்டு பதினொண்ணும் பொய், டாக்டர்."

"என்னது?"

"முதல் குப்பியைத்தான் பரிசோதிச்சேன். கிருமி வளர்க்கிற தட்டுல ஒரு புள்ளிகூட வளரலை. அதைவிடச் சுத்தமான பாலை என் சர்வீஸ்லயே பார்த்ததில்லை. அப்படியே எழுதிக் கொடுத்திருந்தா வாங்கிக்கிட்டுப் போயிருப்பா. மறுபடி எதுக்கு அந்தப் படி ஏறப் போறா? அதான், இருக்கிற கிருமியிலேயே ரொம்ப சாதுவா ஒரு பேரைத் தேடி எழுதினேன். மத்த பத்துக் குப்பியைப் பரிசோதிக்கவே இல்லை. ஊத்திட்டு, கழுவி வெச்சுட்டு, வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."

மனைவி பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. நாற்பத்தோரு வருஷமாக, அவள் ஒரு டம்ளரை மூன்றாவது தடவை துடைக்கும்போதெல்லாம் அவருக்குள் சுருக்கென்று குத்தும். உடனே செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அன்றைய உலகச் செய்தி எல்லாம் அவருக்கு அத்துப்படியானது அப்படித்தான்.

"இவ துடைச்சா துடைச்சதுதான். அந்தக் கிருமி உள்ளே இருந்துதான் வந்திருக்கு" என்றார்.

டாக்டர் பேனாவைத் திறந்தாள். "இப்பவே இன்னொரு தடவை ரத்தம் எடுத்துடறேன். ஆனா ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். மருந்து இன்னைக்கே."

ரத்தம் எடுத்துக்கொண்டு டாக்டர் போன பிறகும் அவர் சுவரை விடவில்லை.

"மன்னிச்சுடும்மா. காலம் பூரா உன்னைத் துடைக்க வெச்சுட்டேன்."

"நான் துடைக்க ஆரம்பிச்சதும் பேப்பருக்குப் பின்னாடி ஒரு மூஞ்சி போய் ஒளியுமே, அதைப் பார்க்கத்தான் துடைச்சேன்."

அவர் சட்டென்று திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? எங்க மாடு நாலாவது குப்பியோட சுத்தமா வத்திப்போச்சுங்க" என்றாள் மனைவி. "மீதி ஏழும் கடையில வாங்கிக் காய்ச்சின பால்."