முன்பின் அறியாதவர் பட்டியல்

“தெரிஞ்சவங்க பேரை எழுதினா செல்லாது. இன்னைக்குத்தான் முதல்முதலா பார்க்கிறவங்களா இருக்கணும். பேரு, ஊரு, வேலை, மூணையும் கேட்டு எழுதணும்!” என்று ஒலிவாங்கியில் அறிவித்தார் ஆல்வின்.

முன்வரிசையில் அமர்ந்திருந்த பிரின்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எந்தக் கூட்டமானாலும் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து முன்வரிசையில் இடம் பிடிப்பது அவள் வழக்கம். பொன்னேரியில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நாள்தோறும் பேருந்தில் செல்லும்போதே அன்றைய வேலைகளை விரல்விட்டு எண்ணி முடித்துவிடுவாள்.

பழவேற்காட்டையும் ஏரிக்கரை ஊர்களையும் சேர்ந்த, வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் ஒன்றுகூடி ஒரு வட்டம் தொடங்கியிருந்தனர். அன்று அதன் முதற்கூட்டம். தலைமைப் பயிற்சி அளிப்பதற்காகச் சென்னையிலிருந்து ஆல்வின் வந்திருந்தார். அரைமணி நேரத்தில் யார் மிகுதியான புதியவர்களை அறிமுகம் செய்துகொள்கிறாரோ அவரே வட்டத்தின் தலைவர். எண்ணிக்கை சமமானால், தாளை முதலில் கொடுத்தவர்.

அந்தப் பதவி பிரின்சிக்கு வேண்டும், மிகவும் வேண்டும். ஊர்க் கூட்டங்களில் ஆண்கள் முடிவெடுக்க, பெண்கள் ஓரமாக நின்று கேட்பதைத்தான் பிறந்ததிலிருந்து கண்டு வருகிறாள்.

மணி அடித்தது. நாற்பது பேரும் துள்ளி எழுந்தனர். எழுந்த இடத்திலேயே விழித்துக்கொண்டு நின்றனர்.

“இன்னா வைஷ்ணவி, உன் பேரை எழுதிக்கவா?” என்றான் பூவரசன். மீன் ஏற்றுமதிக் கூடமொன்றில் மேற்பார்வையாளன் அவன். பதவிக்குப் பிரின்சியோடு போட்டியிடுபவனும் அவனே.

“அடப்பாவி! நேத்துகூட எங்க வூட்டாண்ட வந்து நண்டுக் கொழம்பு வாங்கினு போனியே!” என்றாள் வைஷ்ணவி.

பூவரசன் தோணிரேவு என்ற ஊரிலிருந்து வந்த இளைஞன் ஒருவனைப் பிடித்தான். “உன் பேரு?”

“மாசிலாமணி.”

“எழுதிட்டேன். ஆமா, நீ யாரு வூட்டுப் புள்ள?”

“சுப்பராயலு பையன்.”

“யாரு, எறா ஏவாரம் சுப்பராயலா? அவரு எங்க அத்தைக்குக் கொழுந்தனாராச்சே! டேய், நீ எனக்கு மச்சான்டா!”

இருவரும் கட்டித் தழுவிக்கொண்டனர். எழுதிய பெயர் அடிக்கப்பட்டது.

ஏரிக்கரையின் கோளாறே அதுதான். பெயரைக் கேட்டதோடு நிறுத்திக்கொள்ள எவருக்கும் தெரியாது. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டாக வேண்டும். கேட்டுவிட்டால் ஏதேனும் ஓர் உறவு முளைத்தே தீரும். ஆரம்பாக்கத்திலிருந்து வந்திருந்த இருபது வயதுப் பெண்கூட, ஐந்தாவது கேள்வியில், மீசை வைத்த ஒருவனுக்குச் சின்னம்மா ஆகிவிட்டாள். மண்டபமெங்கும் சிரிப்பு; தாளெங்கும் அடித்தல் திருத்தல்.

“டேய்! சாரு ஒருத்தருதான்டா நமக்குத் தெரியாதவரு!” என்று கூவினான் பூவரசன்.

அவ்வளவுதான். கூட்டம் மேடையை நோக்கி ஓடியது. ஆல்வின் மேசைக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“சார், உங்க பேரு?”

“அதான் பேனர்லயே போட்டிருக்கே!”

“உங்க வாயால சொன்னாத்தான் சார் கணக்கு!”

“கல்யாணம் ஆயிடுச்சா சார்?”

“அது... அதை நான் கேக்கச் சொல்லலையே!”

பூவரசன் முதல் ஆளாகத் தாளை நீட்டினான். அதில் ஒரே பெயர். பின்னால் வந்த ஒவ்வொருவர் தாளிலும் அதே ஒரே பெயர்.

பிரின்சி மட்டும் மேடைப் பக்கம் செல்லவில்லை. மண்டபத்திற்கு வெளியே நின்ற வாடகைக் காரை நோக்கி நடந்தாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, தாளை வைஷ்ணவியிடம் காட்டினாள்.

“முத்து. ஊரு செங்குன்றம். கார் ஓட்டுறாரு. சாரை இட்டாந்தவரு.”

“அடியே! அந்த மனுசன் காலையிலேருந்து வாசல்லயே நிக்கிறாரு, எங்க ஒருத்தர் கண்ணுலயும் படலியே!” வைஷ்ணவி குதித்தாள். “சாரு பேரையும் எழுதிட்டா ரெண்டு. நீதான்டி தலைவி!”

மண்டபமே பொங்கியது. பெண்கள் நாற்காலிகளின்மேல் ஏறி நின்று, “எழுது! எழுது!” என்று கை தட்டினர். அந்த மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் பிரின்சியின் தந்தை தேவதாஸ். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர், குவளை நிரம்பி வழிவதையும் கவனியாமல் கத்தினார்.

“எழுது பாப்பா! இன்னும் ஒரு நிமிசம்தான் கீது! சாரு எதுருலயே நிக்கிறாரு பாரு!”

பிரின்சி மேடையின் முன் வந்து நின்றாள். ஆல்வின் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“எழுதிக்கோங்க... ஆல்வின். ஊரு பெரம்பூர்,” என்றார், கேட்டும் கேளாததுமான குரலில்.

பிரின்சி அவரைப் பார்த்தாள், தந்தையைப் பார்த்தாள். மேலும் ஓர் எழுத்தும் எழுதாமல் தாளை மேசைமேல் வைத்தாள்.

மணி அடித்தது. தாளை முதலில் கொடுத்த பூவரசனை மாசிலாமணி தோள்மேல் தூக்கிக்கொண்டான்.

“இன்னாம்மா இது!” தேவதாஸ் மேடைக்கே ஓடி வந்துவிட்டார். “கைக்கு வந்ததை வுட்டுட்டியே! ஒரு பேரை எழுதறதுல உனக்கு இன்னா கஷ்டம்?”

“எப்படி எழுதுவேன் நைனா? இவரை எனக்கு மூணு வருசமாத் தெரியும்,” என்றாள் பிரின்சி, குரலை உயர்த்தாமல். “நான் இவரைத்தான் கட்டிக்கப் போறேன்.”