மீனுக்கும் ஒரு வரி

முன்வாசல் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. இனயத்திலிருந்து மீன் கொண்டுவரும் விமலா அக்கா தலையில் சுமந்த மீன் சருவத்தைப் படியில் இறக்கி வைக்கிறாள். ஈரச் சாளை மீன்களின் மேல் காலை வெயில் மினுங்குகிறது. ஸ்மைலின் சட்டியோடு குந்தியிருந்து ஒவ்வொரு மீனாகச் செவுளை விலக்கிப் பார்க்கிறாள். கடன் கேட்டு வருபவர்களுக்குப் பயந்து, போன மழைக்காலம் முழுக்க இதே கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றவள். வாசலில் பைக் சத்தம் கேட்டாலே தாழ்ப்பாள் விழும். "பைசா பெறவு தா மக்கா, கூட நாலு அள்ளிப் போடட்டா?" என்கிறாள் விமலா. "வேண்டாம் அக்கா. கடனுக்குத் தவணை பேசித் தந்த சாரு, மாசச் செலவுல மீனுக்குன்னும் தனியா பைசா எழுதித் தந்திருக்காரு. அதுக்குள்ள வாங்குனா போதும்."

கடனை ஒரே மாதத்தில் ஒழித்துத் தருகிறேன் என்றவர்கள் எல்லாம் முதலில் தங்கள் கட்டணத்தைத்தான் கேட்டார்கள். சபையில் காசு வாங்காமல் ஆலோசனை சொல்லும், வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கிறிஸ்துராஜ் சார் முதலில் கேட்டது வீட்டுச் செலவை. அரிசி, கரண்ட், பிள்ளையின் பீஸ் என்று சொல்லி அவள் நிறுத்திக்கொண்டாள். "மீன் எங்க? மீன் இல்லாம எத்தன நாளு இருப்பிய?" என்று அவரே எழுதிச் சேர்த்தார். வருமானத்தில் செலவு போக மிஞ்சியதைத்தான் தவணையாக்கி, கடன் கொடுத்தவர்களைச் சம்மதிக்க வைத்தார்.

விமலா வாய்விட்டுச் சிரிக்கிறாள். "மீனையும் எழுதுனாரா? அப்ப அவர நம்பலாம்." வாசலில் ஏதோ ஒரு பைக் வந்து நிற்கிறது. ஸ்மைலினின் கை தாழ்ப்பாளைத் தேடவில்லை. அது அடுத்த சாளையின் செவுளை விலக்கிக்கொண்டிருக்கிறது.