மேற்கோளுக்குள் நட்சத்திரம்

"இன்னாம்மா இது? நீ எழுதுனது கோடா, கோலமா?"

தீனதயாளனின் குரலுக்கு அலுவலகமே நிமிர்ந்தது. கள்ளக்குறிச்சி சேலம் சாலையில், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்துக்கு அவர்தான் முதலாளி. ஏழெட்டு கம்பெனிகளின் இணையதளங்களை அங்கிருந்து பராமரித்து வந்தார்கள்.

எழில்மதி எழுந்து நின்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்த சுஐப், தன் திரையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டினான்.

"கரியாலூர்னு பேரு ஆரம்பிக்கிற ஃபைலையெல்லாம் வாராவாரம் அழிக்கச் சொன்னேன். பழைய குப்பை, இடத்தை அடைச்சுக்கினு கெடக்குதுன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க சார்."

"மூணு மாசமா 'அழிச்சாச்சு, அழிச்சாச்சு'ன்னு ஸ்கிரீன்ல காட்டுது. உள்ள போய்ப் பாத்தா முன்னூத்திப் பன்னெண்டு ஃபைலும் குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கினு இருக்குது! கஸ்டமர் போன் போட்டு என் மானத்தை வாங்கறான். எல்லாரும் இங்க வாங்க, தமாசு பாருங்க."

எல்லோரும் அவர் திரையைச் சூழ்ந்தார்கள். பிஎச்பி நிரலில் ஒரே ஒரு வரி. சர்வருக்கு 'இதை அழி' என்று கட்டளை அனுப்பும் வரி. கரியாலூர் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி. 'இந்தப் பெயரில் தொடங்கும் எல்லாமே' என்று அதற்குப் பொருள். ஆனால் எழில்மதி பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்து மேற்கோள் குறிக்குள் பூட்டியிருந்தாள்.

'நாலு வருஷ அனுபவம், இவ்வளவுதானா!' என்று சுஐபுக்கே ஏளனமாக இருந்தது.

"சுஐபு, நீ சொல்லு. ஸ்டாரைக் கொட்டேஷனுக்குள்ள போட்டா இன்னா ஆவும்?"

"ஸ்டாரும் பேர்ல ஒரு எழுத்தா ஆயிடும் சார். அச்சு அசலா அந்தப் பேர்ல ஃபைல் இருக்குதான்னு தேடும். இல்லன்னா கம்முனு திரும்பிடும்."

"கேட்டுக்க! போன வருஷம் சேந்தவனுக்குத் தெரியுது." தீனதயாளன் நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். "'எல்லாரும்'னு ஒருத்தனுக்குப் பேரு வச்சுட்டு, 'எல்லாரும் வா'ன்னா ஊரா வரும்? அவனும் வரமாட்டான், அவன்தான் இன்னும் பொறக்கவே இல்லியே!"

எதிர் மேசை அபிநயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுஐபும் சிரித்துவிட்டான்.

"தெரியாம பண்ணிட்டேன் சார்."

"தெரியாம பண்ணல. தெரியாது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குது."

அவரே விசைப்பலகையை இழுத்து, நட்சத்திரத்தை மேற்கோளுக்கு வெளியே தள்ளிவைத்து, நிரலை ஓட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் முன்னூற்றுப் பன்னிரண்டு கோப்புகளும் காணாமல் போயின.

"பாத்தியா? அரை நிமிசம். நீ நாளைலேர்ந்து வர வேணாம். வூட்ல ஒரு தையல் மிஷின் வாங்கிப் போட்டுக்க. அதுல ஸ்டார் கெடயாது."

எழில்மதி தன் கணினியை அணைத்தாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

சிரித்த குற்ற உணர்வு சுஐபைத் துரத்தியது. ஓடிப்போய்ச் செருப்புக் கடை வாசலில் அவளைப் பிடித்தான்.

"அக்கா, சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க. ஆனா இது அடிப்படைக்கா! இதுகூடத் தெரியாம அடுத்த கம்பெனிக்குப் போனீங்கன்னா அங்கயும் இதே கதிதான். ஞாயித்துக்கெழம வாங்க, பொறுமையா சொல்லித் தரேன்."

எழில்மதி அவனைப் பரிவோடு பார்த்தாள்.

"அந்த ஃபைலுல ஒண்ணையாவது தொறந்து பாத்தியா சுஐபு?"

"குப்பைதானேக்கா?"

"கரியாலூர்ல எங்க ஜனங்க நெலத்தை வளைச்சு ரிசார்ட் கட்டப் போறாங்க. ஆட்சேபணை இருந்தா, நாம பாத்துக்கிற அந்த ரிசார்ட் கம்பெனி சைட்லயே மனுப் போடுங்கன்னாங்க. போட்டோம். நேத்து சாயங்காலம்தான் கடைசி நாள், அதுவரைக்கும் வந்துக்கினே இருந்துச்சு. மொத மனு எங்க அப்பாவோடது. நாலு வருஷத்துல என் ஊரு எதுன்னு உங்க சாரு ஒருநாளும் கேட்டதில்ல."

"ஐயோ அக்கா! இப்ப எல்லாம் போச்சே!"

"போவல. முன்னூத்திப் பன்னெண்டையும் அச்சடிச்சு, இன்னிக்குக் காலைல கலெக்டர் ஆபீஸ் விசாரணை அதிகாரி கையிலயே குடுத்துக் கையெழுத்து வாங்கிட்டேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அந்த ஸ்டாரு தவறிப்போய் உள்ள விழல சுஐபு. நான்தான் வச்சேன்."