பெட்டிக்குள் அப்பா

"கொஞ்சம் தாழ்த்திப் பிடிடா. வெயில் நேரா கண்ணுல குத்துது."

திறந்த சவப்பெட்டிக்குள் மல்லாந்து படுத்திருந்த எலாடியோ, தன் மகனின் காதருகே சொன்னார்.

அமாரோ தாழ்த்தவில்லை. அவன் தோளை இறக்கினால் பெட்டியைச் சுமக்கும் மற்ற மூன்று பேருக்கும் கோணிக்கொள்ளும். ஜூலை வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் மேடு. பின்னால் புனித மார்த்தாவின் சப்பரம், பேண்டு வாத்தியம், ரிபார்தேமே ஊர் மொத்தமும்.

முன்னாலும் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றில் இதய ஆபரேஷனில் பிழைத்த ஒரு பெண். இன்னொன்றில், டிராக்டருக்கு அடியிலிருந்து உயிரோடு இழுத்தெடுத்த வாலிபன். அவர்களைக் கண்டதும் சனங்கள் கண் கலங்கிச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அப்பாவின் பெட்டி வந்ததும் அந்தக் கைகள் பாதியில் நின்றன.

சிவந்த கன்னமும் காலையில் குடித்த ஒயின் வாசனையுமாக ஒரு மனிதர், பெட்டி விளிம்பில் முழங்கையை ஊன்றித் தெரிந்தவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டே வந்தால், யாருக்குத்தான் பக்தி வரும்?

சாவின் வாசல் வரைக்கும் போய்த் திரும்பியவர்கள் செலுத்தும் நேர்ச்சை இது. அப்பா பல்வலிக்குக்கூட டாக்டரிடம் போனதில்லை.

ஈஸ்டர் முடிந்ததிலிருந்தே அமாரோ கேட்டுக்கொண்டிருக்கிறான், யாருக்காக நேர்ந்துகொண்டீர்கள் என்று. அவர் தினமும் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"அது எனக்கும் மார்த்தாவுக்கும் நடுவுல உள்ள பேச்சு. நீ தூக்கு, போதும்."

ஊர் சிரிக்கும் என்று தங்கை அழுது பார்த்தாள். பங்குச்சாமியார் கூப்பிட்டுப் பேசினார். அவரிடம் அப்பா என்னத்தைச் சொன்னாரோ, கடைசியில் அந்தச் சாமியாரே பெட்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

பெட்டியின் தலைமாட்டில் இந்தப் பக்கம் அமாரோ. அந்தப் பக்கம் தங்கையின் புருஷன் ஃபூக்கோ. அவனுக்கு மூச்சு வாங்கியது.

"மாமா, நேத்து அந்த ஆக்டோபஸ் தட்டை வழிச்சு நக்காம இருந்திருந்தா, இன்னிக்கு எங்க தோளு பிழைச்சிருக்கும்."

"செத்தவன்கிட்ட பேச்சுக் குடுக்காதே ஃபூக்கோ," என்றார் அப்பா.

வளைவில் ஒரு டிவிக்காரப் பெண் மைக்கை நீட்டியபடி கூடவே ஓடி வந்தாள். ஐயாவுக்கு என்ன வியாதி இருந்தது என்று கேட்டாள்.

"வியாதியா? இவனுங்க தூக்குற லட்சணத்தைப் பாரும்மா. இனிமேதான் வரப்போகுது."

கூட்டம் சிரித்தது. அமாரோவுக்குக் காது மடல்கள் எரிந்தன. அந்த எரிச்சலில் கால் ஒரு கல்லில் இடறியது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. அப்பா விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணைப் பின்னாடியா வெச்சிருக்கே?"

அதற்குமேல் அமாரோவால் முடியவில்லை.

"இப்படியே இறக்கி வெச்சிட்டுப் போயிடுவேம்ப்பா. சத்தியமா போயிடுவேன். ஒரு காய்ச்சல் இல்ல, ஒரு வெட்டுக்காயம் இல்ல. எதுக்கு இந்தக் கூத்து? யாரைக் கேலி பண்றீங்க, மார்த்தாவையா, என்னையா?"

அப்பா அவன் முகத்தையே பார்த்தார். காலையிலிருந்து அவர் வாய் மூடியது இதுதான் முதல் தடவை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஊர்வலம் நின்றது. பெட்டிகளைத் தோளில் வைத்தபடியே எல்லோரும் நின்றார்கள். குழல்காரர்கள் ஊதத் தொடங்கினார்கள். பக்கத்தில் நிற்பவன் பேச்சுக்கூடக் கேட்காத சத்தம்.

அப்பா முகத்தை அமாரோ பக்கம் திருப்பினார். அவர் வாய் கிட்டத்தட்ட அவன் காதைத் தொட்டது.

"போன நவம்பர்ல, மின்யோ ஆத்துப் பாலம்," என்றார்.

அமாரோ அசையவில்லை.

"கன்னுக்குட்டி கட்டை அவுத்துக்கிட்டு ஓடிருச்சுன்னு தேடிக்கிட்டு வந்தேன். அப்பத்தான் விடிஞ்சுது. நீ பாலத்துக் கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தே."

குழல்கள் ஊதிக்கொண்டே இருந்தன.

"கூப்பிட்டா திடுக்கிட்டுக் கையை விட்டுருவியோன்னு கூப்பிடல. பக்கத்துல வரவும் பயம். ரோட்டுலயே மண்டி போட்டுட்டேன். மார்த்தாகிட்ட, 'இவன் இந்தப் பக்கம் ஏறி வந்துட்டான்னா, இவனைப் பெட்டியில வெச்சு உன் சப்பரத்துக்கு முன்னால தூக்கிட்டு வர்றேன்'னு நேர்ந்துக்கிட்டேன். நீ ஏறி வந்துட்டே. என்னைப் பாக்காமலே வீட்டுக்குப் போயிட்டே."

அமாரோ பெட்டியைத் தோளோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"உன்னைப் படுக்கச் சொன்னா ஊரே ஏன்னு கேக்கும். அந்த டிவிக்காரப் பொண்ணு கேக்கும். உன்னால என்ன சொல்ல முடியும்? அதான் நான் படுத்துக்கிறேன்னு மார்த்தாகிட்ட கேட்டுக்கிட்டேன். சிரிக்கிறவன் என்னைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போகட்டும்."

குழல்கள் நின்றன. முன்னால் இருந்த பெட்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

அந்தப் பக்கத்திலிருந்து ஃபூக்கோ எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், காதுக்குள்ளயே ஓதினாரு. யாருக்குன்னு இப்பவாவது சொன்னாரா?"

அமாரோ பெட்டியைத் தோளில் சரியாக ஏற்றி வைத்துக்கொண்டான்.

"எங்க சொன்னாரு? இந்த மனுஷன் வாயிலேர்ந்து ஒண்ணும் வராது. நட."

அப்பா விளிம்பிலிருந்து கையை எடுத்தார். மார்பின்மேல் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து, கண்களை மூடி, பிணம்போல் அசையாமல் படுத்துக்கொண்டார்.