காயலான் கடைப் பையில் ஒரு டிஸ்க்

வீட்டு சர்வர் பெட்டியில் ஒரு கிழட்டு ஹார்ட் டிஸ்க் இருந்தது. ஒருநாள் அதில் தகவலை எழுதும்போது பிழை வந்தது.

“பெருசு, உன் கதை முடிஞ்சுது. வீட்டுக்காரர்கிட்ட கழற்றச் சொல்லிட்டேன்,” என்றது சர்வரின் கண்காணிப்பு மென்பொருள்.

“எனக்கு ஒண்ணுமில்லடா. என் கேபிள்தான் லூசா ஆடுது. அதைப் பாரு.”

“எல்லாக் கிழடும் இப்படித்தான் சாக்கு சொல்லும்.”

வீட்டுக்காரர் கிழட்டைக் கழற்றிக் காயலான் கடைப் பையில் போட்டார். புது டிஸ்க்கை அதே கேபிளில் மாட்டினார். பத்தே நிமிடம். மறுபடியும் பிழை.

“புதுசும் போச்சு. கழற்றுங்க!” என்றது மென்பொருள்.

“ஐயோ, நான் இப்பதானே வந்தேன்!” என்றது புதுசு.

பைக்குள்ளிருந்து கிழடு கத்தியது: “கழற்றுடா! கடையில இருக்கறதை எல்லாம் வாங்கி மாட்டு. அந்தக் கேபிளை மட்டும் தொட்டுடாத!”