வெர்னாவின் கொடியில் பைஜாமா

"இங்கா, அங்க பாரேன். ஆம்பளை பைஜாமா!"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிளாடிஸ் கூவியதும் இங்கா தோர்சன் எட்டிப் பார்த்தாள். வெர்னா வீட்டுக் கொடியில் இரண்டு படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் ஒளித்து வைத்தாற்போல ஒரு கோடு போட்ட பைஜாமா. அடித்த காற்று அதைக் காட்டிக் கொடுத்துவிட்டது.



"புருஷன் போர்ல செத்துப்போனவ. தனிக்கட்டை. இவளுக்கு எதுக்குடி தினமும் விரிப்பு துவைக்கணும்?" என்றாள் கிளாடிஸ்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் எல்லா வீட்டிலும் திங்கட்கிழமைதான் துவைப்பார்கள். வெர்னா வீட்டு வாஷிங் மெஷின் மட்டும் தினமும் கடகடத்தது.

"பேன்ட் மாட்டிக்கிட்டு கடைத்தெருவுக்குப் போனப்பவே நினைச்சேன்" என்றாள் இங்கா. "ஊரே கெண்டைக்கால் வரைக்கும் புதுப் பாவாடை போட்டுக்கிட்டு குடை மாதிரி விரிச்சுட்டுப் போகுது. இவளுக்கு மட்டும் ஆம்பளைக் கால்சட்டை. போதாததுக்கு உதட்டுல ரத்தச் சிவப்பு!"

"நீதான் சர்ச் மாதர் சங்கத் தலைவி. நீ கேக்காம யாரு கேப்பா?"

இங்கா உள்ளே போய் இடுப்புக் கச்சையை இறுக்கினாள். கருநீலப் புதுப் பாவாடை, தொப்பி, வெள்ளைக் கையுறை. நியாயம் கேட்கப் போகிறவள் வீட்டு உடுப்பிலா போவாள்?

வெர்னாவின் பின்கட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாலு காலில் நிற்கும் வெள்ளைத் தொட்டி. அதன் தலைமேல் ஈரம் பிழிய இரண்டு ரப்பர் உருளைகள். வெர்னா எதையோ அவற்றுக்கிடையே கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வெர்னா! உங்கிட்ட பேசணும்."

திரும்பிய வெர்னாவின் முகம் வெளுத்தது. சட்டென்று உருளையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப வேணாம் மிஸஸ் தோர்சன். சாயங்காலம் நானே உங்க வீட்டுக்கு வரேன்."

"யாரு அவன்?"

"யாரு?"

"நடிக்காதே. கொடியில தொங்குதே, அந்தப் பைஜாமாக்காரன்! கல்யாணமானவனா?"

வெர்னா சற்று யோசித்தாள். "எவனோ ஒருத்தன்னு வெச்சுக்குங்களேன்."

"கொஞ்சமாவது வெக்கம் இருக்கா உனக்கு? நம்ம தெருவுல குடும்பப் பெண்கள்..."

இங்காவின் பேச்சு பாதியில் நின்றது. வெர்னாவின் தோளுக்குப் பின்னால், உருளையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது நீலக்கோடு போட்ட ஒரு பைஜாமாச் சட்டை. காலரின் உட்பக்கம் சிவப்பு நூலில் ஓர் எழுத்து. போன கிறிஸ்துமஸுக்கு அவளே தைத்தது.

எய்னார். அவளுடைய ஒரே பிள்ளை.

"ஐயோ!" என்று பாய்ந்து காலரைப் பிடித்து இழுத்தாள். உருளைகள் விடவில்லை. சட்டையோடு கையுறையின் விரல் நுனியும் உள்ளே போயிற்று.

வெர்னா உருளைகளை விடுவிக்கும் இரும்புப் பிடியை ஓங்கி அடித்தாள். உருளைகள் விலகின. கை தப்பியது. கையுறை மட்டும் நசுங்கித் தொங்கியது.

கை போயிருக்குமே என்ற பயம்கூட இங்காவுக்கு இல்லை.

"என் பிள்ளையையா? உனக்கு அவன்தான் கிடைச்சானா?"

வெர்னா மெஷினை நிறுத்தினாள்.

"மிஸஸ் தோர்சன், எய்னார் இந்தப் படி தாண்டி உள்ள வந்ததே இல்ல."

"பின்ன அவன் துணிக்கு இங்க என்ன வேலை?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா இதுக்கு மேல சும்மா இருந்தா நீங்க அவனைத் தப்பா நினைச்சுடுவீங்க." வெர்னா குரலைத் தாழ்த்தினாள். "போர்லேர்ந்து வந்ததுலேர்ந்து அவனுக்கு ராத்திரியில கெட்ட கெட்ட கனா வருதாம். படுக்கையை நனைச்சுடறான்."

இங்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆத்துல ஒளிஞ்சு ஒளிஞ்சு விரிப்பை அலசிக்கிட்டிருந்தான். குளிர்ல கையெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. எங்கிட்டதான் மெஷின் இருக்கே, கொண்டாந்து போடுன்னேன். வேலைக்குப் போறப்ப நனைஞ்சதை வெச்சுட்டுப் போவான். திரும்பறப்ப காஞ்சதை எடுத்துக்குவான்."

"அவன் படுக்கையை யாரையும் தொட விடறதில்ல. பட்டாளத்துப் பழக்கம்னு பெருமையடிச்சுக்கிட்டேனே..."

வெர்னா உருளையிலிருந்து சட்டையை மெல்ல உருவினாள்.

"ஊரே உன்னை நாக்குல போட்டு மெல்லுது வெர்னா. வாயைத் திறந்திருக்கலாமே?"

"என்னைப் பேசினா எனக்கு என்ன குறைஞ்சு போகுது? அவனைப் பேசினா தாங்க மாட்டான்."

இங்காவுக்குக் கோபம் வந்தது.

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? பெத்தவ நான். பிள்ளை துணியை நான் துவைக்க மாட்டேனா? ஊருக்குத்தான் பயம், அம்மாவுக்குமா பயப்படணும்?"

வெர்னா நசுங்கிய கையுறையை எடுத்து, நீவி, அவள் மடியில் வைத்தாள்.

"நானும் அவன்கிட்ட அதைத்தான் கேட்டேன். அவனை மாதிரியே போருக்குப் போய் வந்த பால்பண்ணைக்காரர் மகன் பட்டாசுச் சத்தத்துக்கு மேஜைக்கு அடியில போய் ஒளிஞ்சதை, நீங்க உங்க வீட்டுக் காபி விருந்துல நடிச்சுக் காமிச்சு எல்லாரையும் சிரிக்க வெச்சீங்களாமே? அன்னிக்கு எல்லாருக்கும் காபி ஊத்திக்கிட்டிருந்தது எய்னார்தானாம்."