ஏரிக் காட்சி

செம்பரம்பாக்கம் ஏரியில் எடுத்த அந்தப் பழைய பேய்ப்படத்தில், குடம் சுமந்து போகும் பெண்களோடு கோவிந்தனின் அக்கா பொன்னியம்மாவும் நடந்திருந்தாள். மறுவாரமே அதே ஏரியில் மூழ்கிச் செத்தாள். குழியில் மண் தள்ளியவன் கோவிந்தன்தான். வீட்டில் அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. முகம் பார்க்க அந்தப் படம்தான்.

முப்பது வருஷம் கழித்து, தொண்ணூற்றிரண்டில் அதையே கலரில் எடுத்தார்கள்.

"இனிமே பழசை எவன் ஓட்டுவான்? நாசம் பண்ணிட்டானுங்க" என்று பொருமிக்கொண்டேதான் கோவிந்தன் நண்பன் வேம்புலியோடு அம்பத்தூரில் மேட்னிக்குப் போனான்.

ஏரிக் காட்சி வந்தது. புது நடிகைக்குப் பின்னால் பொன்னியம்மா நடந்துவந்தாள். தலை நரைத்திருந்தது.

"இன்னா மாமே, அழுவுறே? பேயே இன்னும் வரலியே" என்றான் வேம்புலி.

திரையில் அவள் மூச்சு வாங்கக் குடத்தை இறக்கிவைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.